டாக்டர் கானனும் ரத்தத்துச் சர்க்கரையும்

நீரிழிவு என்பது ரத்தத்தில் சர்க்கரை மிகுந்து போவதால் வரும் கேடு என்பதை நம் நாட்டில் இன்று அறியாதார் இல்லை. காபியில் சர்க்கரை வேண்டாமென்று சொல்வது விருந்தினர் சம்பிரதாயங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது. ஆனால் அதே சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் நேரும் ஆபத்து இன்னும் விரைவானது என்பதை அறிந்தவர் சிலரே. காலையில் இன்ஸுலின் குத்திக்கொண்டு, கோர்ட்டில் வழக்கு நீண்டுவிட்டதால் மத்தியான போஜனத்தைத் தவறவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். திடீரென்று அவர் கை நடுங்குகிறது, சட்டை நனையும்படி வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, காரணம் தெரியாத ஒரு பயம் அவரைப் பற்றிக்கொள்கிறது. அருகிலிருப்போர் பித்தம் என்பர். பேச்சுக் குழறினால் குடித்திருக்கிறார் என்று கூடச் சந்தேகிப்பர். ஒரு கட்டி வெல்லமோ ஒரு டம்ளர் பழரசமோ உள்ளே போனால் சில நிமிஷங்களில் மனிதர் தெளிந்துவிடுகிறார்.

அந்த நடுக்கமும் படபடப்பும் வியாதியின் வேலையல்ல. தேகத்தைக் காப்பதற்காக நரம்புகள் செய்யும் வேலை. சர்க்கரை குறைந்ததென்று கண்டவுடன் மூளை நரம்புகளின் வழியே ஒரு சுரப்பிக்கு ஆணையிடுகிறது. அச்சுரப்பி தன் ரஸத்தை ரத்தத்தில் விடுகிறது. அந்த ரஸம் ஈரலின் களஞ்சியத்தைத் திறந்து சர்க்கரையை வெளியேற்றுகிறது. இதனைப் பரிசோதனையால் ருஜுப்படுத்தியவர் அமெரிக்க தேசத்து உடலியல் நிபுணர் டாக்டர் வால்ட்டர் பிராட்போர்ட் கானன். அவர் சரித்திரத்தை நம் வாசகர்களுக்குச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

கானன் 1871-ம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி, விஸ்கான்ஸின் மாகாணத்தில் மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள பிரேரி து ஷீன் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ரயில்வே உத்தியோகஸ்தர். பையனுக்குப் பத்து வயதாகும்போது தாயார் காலமானார். பதினான்காவது வயதில் மகன் படிப்பில் போதிய கருத்துச் செலுத்தவில்லையென்று எண்ணிய தகப்பனார், அவரைப் பள்ளியினின்று நிறுத்தி ரயில்வே ஆபீஸில் வேலைக்கு அமர்த்திவிட்டார். இரண்டு வருஷம் அங்கே உழைத்த பிறகு மீண்டும் பள்ளிக்கூடம் புகுந்த பையன், நான்கு வருஷப் படிப்பை மூன்றே வருஷத்தில் முடித்தான். தகப்பனாரின் தண்டனை பலித்ததா, அல்லது கணக்குப் பேரேடுகளைக் கண்ட சலிப்பே ஆசிரியராயிற்றா என்பதை நாம் தீர்மானிக்க முற்படவில்லை.

1892-ல் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் சேர்ந்து, 1896-ல் மிக உயர்ந்த சிறப்புடன் தேறி, அங்கேயே வைத்தியக் கலாசாலையில் புகுந்தார். அந்நாட்களில் அவருடன் ஒரே அறையில் வசித்தவர் சட்டம் பயிலும் மாணவர். சட்டக் கலாசாலையில் வெறும் சூத்திரங்களை மனப்பாடம் செய்விக்காமல் உண்மையான வழக்குகளை எடுத்துவைத்து மாணவர்களை விவாதிக்கச் செய்யும் முறை நடந்துவந்தது. தோழரின் உற்சாகத்தைக் கண்ட கானன், வைத்தியத்தையும் அவ்விதமே உண்மையான நோயாளிகளின் விருத்தாந்தங்களைக் கொண்டு கற்பிக்கலாமே என்று 1900-ல் எழுதினார். அம்முறை பல கலாசாலைகளில் ஏற்கப்பட்டது. வக்கீல்கள் வைத்தியர்களுக்குச் செய்த உபகாரம் ஒன்றாவது உண்டு என்று இதனால் தெரிந்து நாம் மகிழ்வெய்துகிறோம்.

எக்ஸ்ரே கிரணங்கள் 1895-ன் இறுதியில் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டன. மறு வருஷமே, கானனின் ஆசிரியரான பௌடிச் அந்தக் கிரணங்களைக் கொண்டு ஆகாரம் விழுங்கப்படுவதையும் செரிக்கப்படுவதையும் பார்க்கலாமென்று யோசனை சொன்னார். பிஸ்மத் என்னும் உலோகத்தின் உப்பைக் கலந்து ஊட்டிய உணவு கிரணங்களின் முன் நிழலாகத் தெரியும். 1896 டிஸம்பரில், வைத்திய மாணவராயிருந்த கானன் ஒரு வாத்தின் நீண்ட கழுத்தில் உணவு இறங்குவதை உடலியல் அறிஞர்களின் சபையில் காட்டினார். பின்பு பூனைகளின் இரைப்பை அலையலையாக அசைவதைக் கண்டார். அங்கேதான் அவர் வாழ்நாள் வேலையின் வித்து விழுந்தது. பூனை சாந்தமாயிருக்கும்போது ஒழுங்காக நடந்த அசைவுகள், அது மிரண்டாலோ சினந்தாலோ சட்டென்று நின்றுவிட்டன. பரிசோதனைக்கு இடையூறு என்று மற்றொருவர் எரிச்சலடைந்து விட்டிருக்கக்கூடிய இந்தச் சிறு விஷயத்தை அவர் விடவில்லை. மனத்தின் கலக்கம் வயிற்றை ஏன் நிறுத்த வேண்டும்?

1906-ல் தம் ஆசிரியரின் ஸ்தானத்தில் உடலியல் பேராசிரியரானார். 1942 வரை அப்பதவியிலிருந்தார். 1911-ல் அவரும் ஒரு துணைவரும் பூனையொன்றை நாயின் குரைப்புக்கு ஆளாக்கி, அட்ரினல் சுரப்பிகளிலிருந்து வரும் ரத்தம் கலந்த மாதிரியை எடுத்துச் சோதித்தனர். அட்ரினல் என்பன இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பிபோல் அமர்ந்துள்ள சிறு சுரப்பிகள். மிரட்டுமுன் எடுத்த ரத்தம் உயிருள்ள குடல் துண்டொன்றை ஒன்றும் செய்யவில்லை. மிரட்டியபின் எடுத்த ரத்தமோ அதன் அசைவை அடக்கிவிட்டது. அட்ரினலின் என்னும் ரஸம் செய்யும் காரியம் அதுவே. பயம் நரம்பின் வழியாய்ச் சென்று சுரப்பியைத் தூண்டுகிறது என்பது இதனால் விளங்கிற்று.

அடுத்து அவர் சர்க்கரையின் பக்கம் திரும்பினார். மூளையின் அடிப்பாகத்தில் ஓரிடத்தை ஊசியால் குத்தினால் பிராணியின் சிறுநீரில் சர்க்கரை தோன்றுகிறது என்பதை பிரான்ஸ் தேசத்துக் கிளாட் பெர்னார்ட் 1849-லேயே கண்டிருந்தார். நரம்புக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டென்பதற்கு அது முதற் சாட்சியம். கானன், கட்டிவைக்கப்பட்டுக் கலங்கிய பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதையும், அட்ரினல் சுரப்பிகளை நீக்கிய பூனைகளில் அவ்விதம் தோன்றாததையும் காட்டினார். மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. 1913-ம் வருஷத்தின் கடைசிப் பெரும் போட்டி முடிந்தவுடன் ஹார்வர்ட் கால்பந்துக் கோஷ்டியினர் 25 பேரைச் சோதித்ததில் 12 பேருக்குச் சிறுநீரில் சர்க்கரை காணப்பட்டது. அந்தப் பன்னிருவரில் ஐவர் களத்தில் இறங்கவேயில்லை. கூப்பிட்டால் ஆடுவதற்காக ஓரத்தில் காத்திருந்தவர்கள்! ஓட்டமில்லாமலே, வெறும் பரபரப்பே சர்க்கரையைக் கிளப்பிவிட்டது. கடினமான பரீட்சை எழுதிய வைத்திய மாணவர்களிடத்திலும் இவ்விதமே சிலருக்குக் காணப்பட்டது என்றால், பரீட்சை எழுதிப் பழகிய நம்மவர் எவரும் ஆச்சரியப்படமாட்டார்.

இவற்றையெல்லாம் திரட்டி 1915-ல் அவர் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். வலி, பசி, பயம், சினம் ஆகியவற்றில் தேகம் அடையும் மாறுதல்களே அதன் பொருள். ஆபத்து வந்தவுடன் எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் தன்னைச் சித்தம் செய்துகொள்கிறது, தசைகளுக்கு விறகாகச் சர்க்கரை வருகிறது, இருதயம் விரைகிறது, ஜீரணம் போன்ற அவசரமில்லாத வேலைகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன என்பது அவர் சித்தாந்தம்.

சித்தாந்தம் சுலபமாய் ஏற்கப்பட்டுவிடவில்லை. கிளீவ்லண்ட் நகரத்து ஸ்டூவர்ட், ரோகாஃப் என்னும் இரு நிபுணர்கள், அட்ரினல் சுரப்பி எப்பொழுதும் ஒரே அளவாகவே சுரக்கிறது, பயமும் சினமும் அதனை மாற்றுவதில்லை என்று வாதித்தார்கள். அவர்கள் சாமானியர் அல்லர். சுரப்பியின் ரத்தத்தை நேரே சேகரித்து அளந்தவர்கள். கானனுடைய பதில் யாதெனில், வயிற்றைப் பிளந்து நாளங்களைக் கட்டி அவ்விதம் ரத்தம் சேகரிக்கும் காரியமே பிராணிக்குப் பேரிடராதலால், சுரப்பி ஏற்கெனவே தன் முழு வலிவுடன் சுரந்துகொண்டிருக்கும். அதற்குமேல் கூடுதல் எங்ஙனம் தென்படும் என்பதாகும். சாட்சியைப் பயமுறுத்திவிட்டு, சாட்சி எப்பொழுதும் நடுங்குகிறவன் என்று வாதிப்பதற்கு இது ஒப்பாகும். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இந்த ஆட்சேபம் நன்றாகவே விளங்குகிறது. ஆனால் எதிரியின் சாட்சியம் பழுது என்று காட்டுவது மட்டும் நம் கட்சியை ஸ்தாபித்துவிடாது. பிராணியைத் துன்புறுத்தாமல், அதன் சுரப்பியின் நிலையைத் தெரிவிக்கக்கூடிய வேறொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியைக் கானன் பிராணியின் மார்புக்குள்ளேயே கண்டெடுத்தார். இருதயத்திற்குச் செல்லும் நரம்புகள் அனைத்தையும் முன்னதாகவே அறுத்துவிட்டுக் காயம் ஆற விட்டார். அப்படிப்பட்ட இருதயம் நின்றுவிடுவதில்லை, தானே துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் மூளையிலிருந்து அதற்குத் தந்திக் கம்பி இல்லை. ஆகவே அது திடீரென்று விரைந்து துடித்தால், ரத்தத்தோடு கலந்து வந்த ஏதோ ஒரு பொருள்தான் அதனைத் தூண்டியிருக்க வேண்டும். அட்ரினலின் வெகு சொற்ப அளவில் வந்தாலும் இவ்விருதயம் உடனே உணர்ந்து விரைகிறது. பூனை சினந்தபோது அது விரைந்தது. அட்ரினல்களைச் செயலறச் செய்தபின் சினந்தபோது அவ்விதம் விரையவில்லை.

இவ்விவாதம் நடந்துகொண்டிருக்கையில்தான் 1921-ல் கனடாவில், டொராண்டோ நகரில், பாண்டிங்கும் பெஸ்டும் இன்ஸுலினைக் கண்டனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. சாவை எதிர்நோக்கியிருந்த குழந்தைகள் எழுந்து நடந்தனர். ஆனால் அளவு சற்று மிஞ்சினால் நோயாளி நடுங்கி, வியர்த்து, பசித்து, கலங்கி, பின்னர் வலிப்புக்கும் மூர்ச்சைக்கும் ஆளாவதை வைத்தியர்கள் கண்டனர். சர்க்கரை கொடுத்தால் எல்லாம் நீங்கிற்று. பயந்த பூனையின் கோலமும் இன்ஸுலின் மிஞ்சிய நோயாளியின் கோலமும் ஒன்றுபோலிருப்பது கானனின் கண்ணுக்குத் தப்புமா?

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுவது நலம். வளர்ந்த ஒரு மனிதரின் தேகத்தில் ரத்தம் சுமார் 5 லிட்டர். நூறு மில்லிலிட்டரில் சர்க்கரை ஏறக்குறைய 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், முழு ரத்தத்திலும் ஓடும் சர்க்கரை 5 கிராம்தான். ஒரு சிறு கரண்டியளவு! மூளையோ ஒரு நாளில் சுமார் 120 கிராம் சர்க்கரையைச் செலவிடுகிறது. தனக்கென்று சேமிப்பு ஏதும் வைத்துக்கொள்வதில்லை என்றே சொல்லலாம். ஈரலிலிருந்து இடையறாது வந்துகொண்டிருந்தால்தான் பிழைப்பு. வரவு ஒரு மணி நேரம் தடைப்பட்டாலும் மூளையின் கதி என்னவாகும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

1924-ல் கானன், மக்கைவர், பிளிஸ் ஆகிய மூவரும் தங்கள் பரிசோதனையை வெளியிட்டனர். நரம்பறுத்த இருதயமுடைய பூனைகளை மயக்கத்தில் ஆழ்த்தி, இன்ஸுலின் செலுத்தி, ரத்தத்துச் சர்க்கரையை அவ்வப்போது அளந்தனர். சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. இருதயம் மாறாமல் துடித்தது. நூறு மில்லிலிட்டருக்குச் சுமார் 70 மில்லிகிராம் என்ற இடத்தை எட்டியதும் இருதயம் விரையத் தொடங்கிற்று. மயக்கத்திலுள்ள பூனைக்குப் பயமேது, சினமேது? சர்க்கரையின் குறைவு ஒன்றே சுரப்பியைத் திறந்துவிட்டது. ரத்தக்குழாயில் சர்க்கரைக் கரைசலைச் செலுத்தியவுடன் இருதயத்தின் வேகம் தணிந்தது. ஒரு பக்கத்து அட்ரினலை நீக்கி, மறு பக்கத்துச் சுரப்பிக்குச் செல்லும் நரம்பை அறுத்த பூனைகளிலோ இந்த விரைவு காணப்படவில்லை. நரம்பிழந்த சுரப்பி உயிரோடு ரத்தத்தில் நனைந்துகொண்டுதானிருக்கிறது. அந்த ரத்தத்தில் சர்க்கரை குறைந்துதானிருக்கிறது. எனினும் அது வாளாவிருக்கிறது. ஆணை நரம்பின் வழியாகவே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ருஜு வேண்டுவதில்லை. அன்றியும் இக்காவலை இழந்த பிராணிகளுக்கு வலிப்பு முன்னதாகவே வந்தது. காவல் தோற்றுச் சர்க்கரை சுமார் 45-க்கு இறங்கினால் வலிப்பும், பின் மூர்ச்சையும் நேரிடுகின்றன என்று கானன் கணித்தார்.

பின்னாட்களில், இந்த நரம்பு வரிசைகளை அடியோடு நீக்கிய பூனைகளையும் அவர் வளர்த்துப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தின் கதகதப்பில், வேளைக்கு உணவு கிடைக்கும்வரை அவை சௌக்கியமாகவே வாழ்ந்தன. குளிரிலோ வேறு நெருக்கடியிலோ விட்டால்தான் அவற்றின் குறை வெளிப்பட்டது. உடல் தன் உள்நிலையை ஓயாத மாறுதல்களுக்கு நடுவே நிலைபெறச் செய்துகொள்ளும் இத்திறமைக்கு 1926-ல் அவர் ஹோமியோஸ்டாஸிஸ் என்று கிரேக்க வேர்களினின்று பெயரமைத்தார். 1932-ல் வெளிவந்த, உடலின் ஞானம் என்று பொருள்படும் தலைப்புடைய புஸ்தகம் அக்கருத்தை உலகெங்கும் பரப்பிற்று. அதன் முடிவுரையில் ஒரு ஜனசமூகமும் உடலைப்போல் தன் வரவுசெலவைச் சமன்செய்துகொள்ளக் கற்கவேண்டும் என்று அவர் வாதித்திருக்கிறார். பத்திரிகாசிரியர்களான நமக்கு அப்பகுதி ருசிகரமாயிருப்பினும், சுரப்பியைப் பற்றி எழுதிய கானனே நமக்கு அதிகம் நம்பத்தக்கவராய்த் தோன்றுகிறார்.

எல்லாவற்றிலும் அவர் கண்டதே சரி என்பதில்லை. நரம்பு நுனிகளில் தோன்றும் பொருள் இருவகை ஸிம்பதின் என்று அவரும் ரோஸன்புளூத்தும் கொண்ட கொள்கை நிலைக்கவில்லை. அப்பொருள் நாரட்ரினலின் என்பதை 1946-ல் ஸ்வீடன் தேசத்து வான் ஆய்லர் விளக்கினார். நோபெல் பரிசும் கானனுக்குக் கிட்டவில்லை. நரம்புகளின் ரசாயனத்திற்காக 1936-ல் அது டேலுக்கும் லோவிக்கும் அளிக்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்திற்குள் அடைந்துகிடந்தவரும் அல்லர் அவர். முதல் மகாயுத்தத்தில் பிரான்ஸுக்குச் சென்று காயம்பட்ட சிப்பாய்களின் அதிர்ச்சி நிலையை ஆராய்ந்தார். ருஷிய நிபுணர் பாவ்லாவ் அவருக்கு நெருங்கிய நண்பர். 1935-ல் பீக்கிங் நகரத்து வைத்தியக் கலாசாலையில் சில மாதங்கள் கற்பித்தார்; அவ்வருஷமே லெனின்கிராட் மகாநாட்டில், ஆட்சியாளர்கள் விஞ்ஞானிகளை நசுக்குவதைக் கண்டித்துப் பேசினார். ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று, வைத்திய உதவி அனுப்பும் சங்கத்தின் தலைவரானார். அக்குடியரசின் பிரதம மந்திரியாயிருந்த நெக்ரின் தாமும் ஓர் உடலியல் நிபுணரே, கானனுக்குப் பழக்கமானவர். இதற்காகச் சொந்த ஊரிலேயே கம்யூனிஸ்ட் என்ற வசையை அவர் பெற்றார். பெற்றும் தம் நிலையினின்று விலகவில்லை.

இளமையில் எக்ஸ்ரே கிரணங்களுக்குத் தக்க மறைப்பில்லாமல் வேலை செய்த பலன் அவரைத் தொடர்ந்தது. அக்காலத்தில் அதன் தீங்கை ஒருவரும் நன்கறியார். பிற்காலத்தில் அவரை வருத்திய கொடிய தோல் நோய்க்கு அக்கிரணங்களே காரணமென்று கருதப்படுகிறது. தம் வாழ்க்கையைப் பற்றிய நூலை எழுதி வெளியிட்ட 1945-ம் வருஷத்திலேயே, அக்டோபர் 1-ந் தேதி நியூஹாம்ப்ஷயரில் காலஞ்சென்றார்.

அவர் திறந்த வழியில் பிறகு பலர் சென்றிருக்கிறார்கள். சர்க்கரை சுமார் 80-க்கு இறங்கும்போதே கணையம் இன்ஸுலினைச் சுருக்கிக்கொள்கிறது என்பதும், 65-க்கும் 70-க்கும் இடையில் அட்ரினலினோடு குளுக்ககான் என்னும் கணையத்தின் மற்றொரு ஹார்மோனும் வெளிப்படுகிறது என்பதும், கணையத்திற்கும் நரம்புகளின் ஏவல் உண்டு என்பதும் இப்போது தெரியும். குறைவை முதலில் அறிவது மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸும், ஈரலுக்குச் செல்லும் ரத்தக்குழாயின் அருகிலுள்ள நரம்பு நுனிகளும் என்று காணப்பட்டிருக்கிறது. நடுக்கமும் வியர்வையும் 50-க்கும் 55-க்கும் இடையில் சாதாரணமாய்த் தோன்றும். அதற்கும் கீழே போனால் புத்தி தடுமாறும்.

கானன் காணாதது ஒன்றுண்டு. இன்ஸுலின் அறவே சுரக்காத வகை நீரிழிவுள்ளவர்களுக்குச் சில வருஷங்களில் குளுக்ககானின் உதவி நின்றுபோகிறது. பிறகு அட்ரினலின் ஒன்றே துணை. சர்க்கரைக் குறைவு அடிக்கடி நேரிட்டால் அந்தத் துணையும் மந்தமாகிவிடுகிறது என்பதை 1990-களில் அமெரிக்காவில் பிலிப் கிரையர் முதலியோர் நிறுவினர். அப்படிப்பட்டவருக்கு 50-லும் கை நடுங்குவதில்லை, நெஞ்சு படபடப்பதில்லை. பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று பிதற்றுவார், அல்லது சாய்வார். ரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் படபடப்பை மறைத்துவிடுவதுண்டு. ஆனால் வியர்வைச் சுரப்பிகளின் நரம்புகள் வேறொரு ரசாயனத்தால் இயங்குவதால் வியர்ப்பது மட்டும் நிற்பதில்லை. மந்தமான காவல் என்றென்றைக்கும் மடிந்துவிடுவதும் இல்லை. சில வாரங்கள் சர்க்கரை மிகவும் தாழாதபடி ஜாக்கிரதையாய்ப் பார்த்துக்கொண்ட நோயாளிகள் பலருக்கு, அந்தப் பழைய நடுக்கமும் படபடப்பும் ஓரளவேனும் திரும்பி வந்திருக்கின்றன.